வரட்டும், வரட்டும்!

வீடு மாறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் மாறுகிற ஓர் இனம் இருக்கிறது, அதைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஜனவரி மாதத்தில் அரிசோனாப் பாலைவனத்துக்கு வாருங்கள். ஆளுயரக் கள்ளிகளுக்கு நடுவே பஸ் நீளத்துக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணவர், ஒரு மனைவி, மனைவியின் மடியில் ஒரு குட்டி நாய். முப்பது வருடம் தவணை கட்டிச் சொந்தமாக்கிய வீட்டை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு விற்று, அந்தக் காசில் சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கி, சோபாவையும் அலமாரியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போய், அவர்கள் 'எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று மறுத்துவிட, தேவாலயத்து ஏலத்தில் தள்ளிவிட்டு, 'எங்களுக்கு விலாசம் கிடையாது' என்று வண்டியின் முதுகில் கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் இவர்கள். தங்களை முழுநேரப் பயணிகள் என்று சொல்லிக்கொள்வார்கள். கோடைக்கு ஒரு மாதம் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களைக் கண்டால் இவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்.

இந்தச் சுதந்திரப் பறவைகளின் சுதந்திரம் எப்படிப்பட்டது என்று கேளுங்கள். ஜனவரியில் அரிசோனா. ஏப்ரலில் நியூ மெக்சிகோ. ஜூலையில் மொன்டானா. அக்டோபரில் மறுபடி தெற்கே இறக்கம். போன வருடமும் அப்படித்தான், வருகிற வருடமும் அப்படித்தான். நினைத்த இடத்தில் நிற்போம் என்பார்கள்; நினைத்த இடத்தை ஆறு மாதத்துக்கு முன்பே போன் போட்டுப் பிடித்து வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொல்லை ஒழிந்தது என்பார்கள். பக்கத்து வண்டிக்காரர் இருமினால் எந்த டப்பாவில் எந்த மாத்திரை என்று இங்கிருந்தே குரல் கொடுப்பார்கள். புல் வெட்டுகிற வேலை தீர்ந்தது என்று குதிப்பார்கள். வண்டிக்கு முன்னால் பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் புல்தரை ஒன்றை விரித்து, அதைத் தினமும் காலையில் துடைப்பத்தால் பெருக்குவார்கள். வேறென்ன செய்வது? அதுதான் வளர மாட்டேன் என்கிறதே!

புதியவர் யாராவது வந்தால் முதல் கேள்வி, "வண்டி எத்தனை அடி?" பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மாலை நாலு மணிக்கு மடக்கு நாற்காலிகளோடு வட்டமாகக் கூடுவார்கள். ஆளுக்கொரு குவளை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் கை மாறிக்கொண்டிருக்கும்போதே, "நேத்து எங்க கழிவுத் தொட்டி அடைச்சுக்கிச்சு" என்று ஒருவர் தொடங்குவார். வட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்க மாட்டார். கரண்டியைக் கீழே வைக்க மாட்டார். "ஐஸ் கட்டியை உள்ள கொட்டிட்டு வண்டிய ஒரு சுத்து ஓட்டு, தன்னால கழுவிக்கும்" என்று ஒருவர் வைத்தியம் சொல்ல, "ஐயோ, அதைச் செஞ்சு ஏமாந்தவன் நான்" என்று இன்னொருவர் மறுக்க, சாலட் இரண்டாம் சுற்று வரும்.

எதைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசுகிற இந்த வட்டத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் குரல் தாழும். 'சாவியை மாட்டிட்டாங்களாம்.' அதாவது, வண்டியை விற்றுவிட்டு எங்கேயோ நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். அதைச் சொன்னதும் பெண்கள் நாயைத் தடவிக்கொடுப்பார்கள், ஆண்கள் தொப்பியைச் சரி செய்துகொள்வார்கள். 'எதனாலயாம்?' என்று ஒருவர் கேட்பார். 'இடுப்பு' என்று பதில் வரும். அல்லது 'ஞாபகம்'. அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த இனத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. வண்டியைப் பின்னால் எடுத்து, ஒதுக்கிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. முன்னால் ஓட்ட யாராலும் முடியும். உள்ளே பீங்கான் தட்டுகள் குலுங்க, வலப்பக்கம் மின்சாரக் கம்பம், இடப்பக்கம் தண்ணீர்க் குழாய், பின்னால் கள்ளி, ஓரத்தில் அடுத்தவருடைய பிளாஸ்டிக் புல்தரை, இத்தனைக்கும் நடுவில் ஒரு முழு வீட்டைப் பின்பக்கமாகச் செருக வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஆகவே மனைவி இறங்கிப் போய், ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்ட வேண்டும். நம் ஊரில் லாரியின் பின்னால் நின்று பலகையைத் தட்டித் தட்டி 'வரட்டும், வரட்டும்' என்பாரே கிளீனர், அதே வேலைதான். என்ன, கிளீனரைத் திட்டினால் அவர் இரவுச் சாப்பாட்டின்போது அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்.

புது வண்டி ஒன்று முகாம் வாசலில் திரும்பினால் போதும், துடைப்பம், சீட்டுக்கட்டு, பாதி வெட்டிய தலைமுடி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் நாற்காலியோடு ஓடி வருவார்கள். எத்தனை விதமான தம்பதிகள்! "இடது, இடது!" "என் இடதா உன் இடதா?" "நீ எந்த இடதை வேணா வச்சுக்கோ, கம்பத்தை விட்டுடு!" என்று கூவுகிறவர்கள் ஒரு வகை. இந்தக் கூச்சலே வேண்டாம் என்று போலீஸ்காரர்கள் பேசிக்கொள்கிற மாதிரிக் கையடக்க ரேடியோ வாங்கிக்கொண்டு ரகசியமாகச் சண்டை போடுகிறவர்கள் இன்னொரு வகை; பக்கத்து வண்டிகளிலும் அதே ரேடியோ இருப்பதால் முகாம் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கணவர் கியரைப் பின்னுக்குத் தள்ளியதும் நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்துவிடுகிற மனைவிகளும் உண்டு. அவர்கள்தான் புத்திசாலிகள்.

டுவெயின் ஹால்வர்சனும் ஆர்டிஸும் எந்த வகையிலும் சேராதவர்கள். அயோவாவிலிருந்து கிளம்பி ஒன்பது வருடமாகச் சாலையில் இருக்கிறார்கள். இவர்கள் நிறுத்தும்போது ஒரு சத்தம் வராது. ஆர்டிஸ் இறங்கிப் போய்ப் பின்னால் நிற்பார். இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி, மாவு பிசைகிற மாதிரி மெதுவாகத் தன் பக்கம் அழைப்பார். வண்டி வழுக்கிக்கொண்டு வரும். கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே வைப்பார். வண்டி நின்றிருக்கும். டுவெயின் இறங்கி வந்து, "நல்லா காட்டுனே, ஆர்டிஸ்" என்பார். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கிற மனைவிகள் தங்கள் கணவர்களை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

டுவெயின் ஆயுள் முழுக்கத் தானியக் கிடங்கில் லாரி ஓட்டியவர். இப்போதெல்லாம் வண்டியோடு பின்புறக் கேமரா வந்துவிடுகிறது. யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "கேமராவா? வண்டி வாங்குன அன்னைக்கே அந்த வயரை வெட்டி எறிஞ்சேன். பொண்டாட்டி இல்லாதவனுக்குத்தான்யா கேமரா!" என்பார். ஆண்கள் சிரிப்பார்கள். ஆர்டிஸும் சிரிப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

கொஞ்சம் பயமாகவும் இருக்கும். ஏனென்றால் ஆர்டிஸுக்குக் கண் தெரியவில்லை.

சுத்தமாகத் தெரியாது என்றில்லை. இரண்டு கண்ணிலும் புரை. காப்பிக் கோப்பை தெரியும், டுவெயின் தெரிவார், கள்ளி ஒரு பச்சைத் திட்டாகத் தெரியும். குழாய்க் கம்பம் அவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. போன கோடையில் டாக்டர் சொன்னபோது, வெளியே காத்திருந்த டுவெயினிடம் வந்து, "கண்ணு தங்கமா இருக்காம்" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றால் முதலில் ஒரு கண், பிறகு மறு கண், நடுவில் பரிசோதனை, சொட்டு மருந்து என்று ஓரிடத்தில் தங்கியாக வேண்டும். தங்குவதற்கு இடமும் தயாராக இருந்தது. அயோவாவில் மகன் கர்ட் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒழித்து, கட்டில் போட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூடப் பொருத்தி வைத்திருந்தான். அந்தக் கம்பியைப் போட்டோ பிடித்து வேறு அனுப்பியிருந்தான். கொஞ்ச நாளைக்கு என்று அப்படிப்பட்ட அறைக்குப் போன எத்தனை பேரை ஆர்டிஸுக்குத் தெரியும்! இதே முகாமில் இருந்த ஹார்லனும் அவர் மனைவி பெவும் 'ஒரே ஒரு ஆபரேஷன்' என்றுதான் போனார்கள். இப்போது அவர்களுடைய பிளாஸ்டிக் புல்தரை வேறொருவர் வண்டி வாசலில் கிடக்கிறது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதன் வழியே ஒரே வாகன நிறுத்தத்தைப் பார்த்து வாழ்க்கையைக் கழித்தவர் ஆர்டிஸ். இப்போது அவருடைய சமையலறை ஜன்னலில் ஒரு மாதம் மலை வருகிறது, ஒரு மாதம் ஏரி வருகிறது. அது மங்கலாக வந்தாலும் பரவாயில்லை. சாவியை மாட்டக் கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்காக ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். பின்னால் நின்றுகொண்டு கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியது. வண்டி எப்படியும் சரியான இடத்தில் நிற்கும். லாரி ஓட்டிய கை அல்லவா? அது நின்றதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைக்க வேண்டியது. தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எது முன்னால், எது பின்னால் என்று தெரியவா போகிறது? ஒரு தடவை, இரண்டு தடவை, ஒரு முழுக் குளிர்காலம் இது நடந்துவிட்டது. நம் கண் அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது என்று ஆர்டிஸுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

முகாமின் நடுவர் நார்ம் பிரூயிட். தீயணைப்புப் படையில் கேப்டனாக இருந்தவர். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன, ஆனால் அந்தச் செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சனிக்கிழமை காலை எல்லோரும் வெளியில் மேசை போட்டு பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நார்ம் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"புதுசா வந்தவங்க எல்லாம் கவனிங்க! நேத்து நாலு பேரு நிறுத்துனதைப் பாத்தேன். எனக்கே நெஞ்சு வலிச்சிச்சு. இன்னைக்கு ஒரு பாடம் நடத்தப்போறோம். டுவெயின், ஆர்டிஸ், எழுந்திருங்க. எப்படி நிறுத்துறதுன்னு இவங்களுக்குக் காட்டுங்க."

"இப்பவா?" என்றார் டுவெயின். "பான்கேக் ஆறிடுமே."

"வேற சுட்டுத் தர்றேன், வாப்பா."

பான்கேக் மேசைகளைத் தாண்டி, முகாம் ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் நிறுத்திக்காட்டுவது என்று முடிவாயிற்று. கூட்டம் முழுவதும் தட்டும் கையுமாகப் போய் நின்றது. புதியவர்களில் சிலர் டுவெயினின் ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டார்கள். நார்ம் படியேறிப் போய் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேவிட்டார்.

"நீ எதுக்கு நார்ம் இங்க?" டுவெயினின் குரல் வெளியே வரை கேட்டது. "கீழ நின்னு பாரு. இங்க சீட்டெல்லாம் ஒரே தூசி."

"நான் எரியுற வீட்டுக்குள்ள போனவன்யா, தூசிக்குப் பயப்படுவேனா? நீ ஓட்டு. நீ கண்ணாடியில எப்படிப் பாக்குறேன்னு நான் ஜன்னல் வழியா விளக்குறேன்."

ஆர்டிஸ் பின்னால் போய் நின்றார். வழக்கம்போல் மூச்சை இழுத்துவிட்டுக் கைகளைத் தூக்கினார். வண்டி வந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, வழக்கத்தைவிட நேராக, அவர் கையை அசைத்தால் அசைந்து, நிதானித்தால் நிதானித்து, அவ்வளவு பணிவாக அது என்றைக்குமே வந்ததில்லை. 'பாருங்க, பாருங்க, கையைப் பாருங்க' என்று நார்ம் ஜன்னல் வழியாக விளக்கிக்கொண்டிருந்தார். ஆர்டிஸுக்கு மனம் நிறைந்துவிட்டது. வரட்டும், வரட்டும். நிற்கிற இடத்தில் அவரே நிறுத்துவார். வரட்டும். இன்னும் நிறுத்தவில்லையே? சரி, இடம் இருக்கிறது போலிருக்கிறது. வரட்டும்.

படார்.

குழாய்க் கம்பம் அடியோடு சாய்ந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி, ஒரு நொடி யோசித்து, அப்படியே மொத்தமாகப் பான்கேக் மேசைகள் மேல் இறங்கியது. நாய்கள் குரைத்தன. சிரப் பாட்டில்கள் உருண்டன. "மூடு! தண்ணிய மூடு!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடிய தீயணைப்புக் கேப்டனுக்கு அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் ஆபீஸ் பெண் வந்து மூடினாள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

ஆர்டிஸ் நனைந்தபடி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். டுவெயின் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன் நிறுத்தல?" என்றார் ஆர்டிஸ்.

"நீ வா வான்னு காட்டுனியே!"

"நான் எப்பவும் அப்படித்தான் காட்டுவேன். நீதானே நிறுத்துவே!"

"நீ நில்லுன்னு காட்டுனாத்தானே நான் நிறுத்த முடியும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே யாரோ மேசைகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"டுவெயின்," என்றார் ஆர்டிஸ். "நீ நின்னதுக்கு அப்புறம்தான் நான் நில்லுன்னு காட்டுவேன். போன கோடையிலேர்ந்து அப்படித்தான். எனக்கு அந்தக் கம்பமே தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரை."

முன்பக்கப் பலகையில் எப்போதும் ஒரு பழைய தொப்பி மாட்டியிருக்கும். டுவெயின் அதை எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. உயிரோடு இருந்தது. சாய்ந்த குழாய்க் கம்பமும், மிதக்கிற காகிதத் தட்டுகளும் அதில் பளிச்சென்று தெரிந்தன.

"வயரை வெட்டிட்டேன்னு சொன்னியே!"

"சொன்னேன். வெட்டல." அவர் திரையைப் பார்த்தே பேசினார். "எனக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பறதில்ல, ஆர்டிஸ். கண்ணாடியப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இதைப் பாத்துத்தான் ஓட்டுறேன். இன்னைக்கு அந்தத் தடியன் பக்கத்துல வந்து உக்காந்துட்டான், தொப்பிய எடுக்க முடியல. சரின்னு உடம்பையே திருப்பி உன் கையப் பாத்து ஓட்டுனேன்."

ஆக, இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக மனைவி சொன்னதைக் கேட்டிருக்கிறார்!

ஆர்டிஸுக்குக் கம்பம் மறந்துபோயிற்று. "ரெண்டு வருஷமா? அப்ப ரெண்டு வருஷமா நான் வெயில்ல நின்னு யாருக்குக் கைய ஆட்டுனேன்?"

"நீ மட்டும் என்னவாம்? பாக்காமயே காட்டியிருக்கே."

"நான் உன் மேல நம்பிக்கை வச்சுக் காட்டுனேன்!"

"நானும் நீ பாத்துக்கிட்டிருக்கேங்கிற தைரியத்துலதான் இன்னைக்கு வந்தேன்!"

"தினமும் இறங்கி வந்து 'நல்லா காட்டுனே, ஆர்டிஸ்'னு சொன்னியே, அது என்ன?"

"நல்லாத்தான் காட்டுனே," என்றார் டுவெயின். அவருடைய காது சிவந்திருந்தது. "இதுல தெரிவே நீ. சின்னதா. ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு. கம்பம், கள்ளி எதையும் நான் பெருசா பாத்ததில்ல. உன்னை இடிச்சிடாம பாத்துக்குவேன். நீ நிக்கிற இடத்துக்கு முன்னால நிறுத்திடுவேன். எல்லாம் சரியா வந்துடும்."

ஆர்டிஸ் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கோபப்படுவதற்கு நிறைய இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா, சரி, போதும், கர்ட் வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லுவே."

"நானா? நான் சொன்னா நீதான் அப்படிச் சொல்லுவேன்னு நான் வாயத் தைச்சுக்கிட்டுத் திரியுறேன்!"

"எனக்கு அந்தக் கம்பியப் பாத்தாலே பயமா இருக்கு, ஆர்டிஸ்," என்றார் டுவெயின். குளியலறைக் கம்பியைத்தான் சொன்னார்.

கதவு தட்டப்பட்டது. முகாம் முழுவதும் வெளியே நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நார்ம் முன்னால். "என்னய்யா ஆச்சு? ஒன்பது வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல உனக்கு!"

டுவெயின் வாயைத் திறந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லப்போகிறார் என்பது ஆர்டிஸுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு அவருக்குக் கண் தேவையில்லை. முந்திக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு தெரியல, நார்ம். அவருக்குக் கழுத்து திரும்பல. அவ்வளவுதான்."

தொப்பிகள் சரி செய்யப்பட்டன. நாய்கள் தடவப்பட்டன. ஹால்வர்சன் தம்பதி கண்ணெதிரே சாவியை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து டீ என்ற பெயர் கொண்ட நார்முடைய மனைவி, யாரையும் பார்க்காமல், "எங்க வீட்டுக்காரருக்கு வலது கால்ல உணர்ச்சியே கிடையாது. பிரேக்கைக் குனிஞ்சு பாத்துத்தான் மிதிப்பாரு" என்றார்.

"ஏய், டீ!" என்று நார்ம் அலறினார்.

"எனக்கு வலது காது கேக்காது," என்றார் இன்னொருவர். "அவ ரேடியோவுல சொல்றது எதுவும் கேக்காது. 'ஆகட்டும்'னு மட்டும் சொல்லுவேன்."

"தெரியும்" என்றார் அவர் மனைவி.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. முட்டி, முதுகு, இரவுப் பார்வை, தலைசுற்றல் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கழிவுத் தொட்டியைப் பற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர்கள், இத்தனையையும் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்துக்கொண்டு, பஸ் நீளத்து வீடுகளை மலைப்பாதையில் ஓட்டி வந்திருக்கிறார்கள். புதிதாக வந்திருந்த தம்பதிகள் சத்தமில்லாமல் தங்கள் வண்டிகளை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தப் போனார்கள்.

கர்ட் வீட்டு அறை காலியாகவே இருந்தது. பக்கத்து நகரத்திலேயே கண் டாக்டர் இருந்தார். நார்மின் மனைவி டீ தன் காரில் கூட்டிப்போனார். ஒரு கண் முடிந்து மறு கண்ணும் முடிந்தது. கட்டுப் பிரித்ததும் ஆர்டிஸ் கண்ட உலகம் பிரமாதமாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் புல்தரை அழுக்காக இருந்தது. திரைச்சீலை தான் நினைத்திருந்த நிறமில்லை. டுவெயினின் காதில் அவ்வளவு முடி இருந்தது. ஆனால் சமையலறை ஜன்னலில் மலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரிந்தது. அன்று காலை காப்பி ஆறிப்போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.

பிறகு திரும்பி, "சாவியக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"இனிமே நான் ஓட்டுறேன். பின்னால நிக்கிறவன் நேராப் பாத்தாப் போதும். உனக்குக் கழுத்து திரும்ப வேண்டியதில்ல."

டுவெயினுக்கு இதில் ஓட்டை கண்டுபிடிக்க இரண்டு நாள் தேவைப்பட்டது, கண்டுபிடிக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் முகாமில் ஒரு நாற்காலி காலியில்லை. ஆர்டிஸ் தலையணை ஒன்றைப் போட்டு உயரமாக உட்கார்ந்துகொண்டார். வண்டிக்குப் பின்னால், ஒன்பது வருடம் வாயே திறக்காத அந்த மனிதர், பிடரி நரம்பு புடைக்கக் கூவ ஆரம்பித்தார்.

"வரட்டும்! வரட்டும்! இடது, இடது! ஐயோ, அந்த இடது இல்ல! பொறு! பொறுன்னா நில்லுன்னு அர்த்தமில்ல, பொறு! வரட்டும்!"

வண்டி நின்றது.

"ஏன் நின்னே? நான் வரச் சொல்றேனே!"

"உனக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாரு" என்று ஆர்டிஸ் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

டுவெயின் உடம்போடு மெதுவாகத் திரும்பினார். புதிதாக நட்ட குழாய்க் கம்பம் அவர் முதுகிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, சந்தேகத்தோடு கேட்டார். "ஆர்டிஸ், நீ என்னையப் பாத்துத்தானே ஓட்டுறே?"

"உன்னையேதான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் ஆர்டிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டுக்குச் சக்கரம் கிடையாது, அது சிமெண்டில் ஊன்றி நிற்கிறது, அரிசோனா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. எல்லாம் சரி. சமையலறையிலிருந்து குரல் வரும்போது போனிலிருந்து தலையை எடுக்காமல், 'ம்... உனக்கு எது சரின்னு படுதோ செய்' என்று நேற்று சொன்னது யார்? அதைக் கேட்டு, 'எல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்யறேன்' என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது யார்? நீங்கள் நிற்பீர்கள் என்று ஒருவர் கை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவர் நிறுத்துவார் என்று நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் எதிலும் முட்டாமல் வந்துவிட்டதைப் பார்த்து ஊரே மெச்சுகிறது. அதெல்லாம் இருக்கட்டும். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவரை இப்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், பார்க்கலாம். கழுத்து திரும்புகிறதா?